சகுராபா வென்றது புரோ ரெஸ்லிங் கணக்கில் சேருமா?

சாய்வுநாற்காலி:

நேற்று பிராக் லெஸ்னர் திரியில் ஒருவர் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். "முடிவைப் பேசி வைத்து ஆடும் புரோ ரெஸ்லர்கள் நிஜச் சண்டைக்குப் போனால் என்ன ஆகும் என்று ஜப்பானில் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது, அவர்களில் ஒருவரான யூஜி நகாத்தா 21 நொடியில் மல்லாந்தார், கதை முடிந்தது." அங்கேயே பதில் எழுதினால் திரி திசை மாறிவிடும், அதனால் இதைத் தனியாக ஆரம்பிக்கிறேன்.

கதை முடியவில்லை. கசுஷி சகுராபா என்று ஒருவர் இருக்கிறார். 1969-இல் அகிதா மாகாணத்தில் பிறந்தவர், சுவோ பல்கலைக்கழகத்தில் மல்யுத்தம் பழகியவர். அங்கிருந்து நேராக நொபுஹிகோ தக்காதா நடத்திய யுடபிள்யுஎஃப் இன்டர்நேஷனல் என்ற புரோ ரெஸ்லிங் கம்பெனிக்குப் போய் 1993-இல் முதல் மேட்ச் ஆடினார். அங்கே கயிற்றில் ஓடி எகிறிக் குதிக்கிற வேலை கிடையாது. உதை, தூக்கி எறிதல், பூட்டு என்று நிஜம்போலவே நடக்கும், ஆனால் முடிவு முன்கூட்டியே பேசி வைத்ததுதான், இதை மறைக்க ஒன்றும் இல்லை. 1996 கடைசியில் கம்பெனி மூடப்பட்டது. அடுத்த வருடம் அக்டோபர் 11 அன்று டோக்கியோ டோமில், நிஜச் சண்டை நடத்திய பிரைடு அமைப்பின் முதல் நிகழ்ச்சியில், தக்காதா பிரேசில் ஜியுஜிட்சு குடும்பத்து ரிக்சன் கிரேசியிடம் ஐந்து நிமிடம்கூடத் தாங்காமல் ஆர்ம்பார் என்ற கைப்பூட்டில் டேப் அடித்தார், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஜப்பான் புரோ ரெஸ்லிங் ரசிகர்களுக்கு அது கிட்டத்தட்ட சாவு வீடு.

இரண்டே மாதம் கழித்து, டிசம்பர் 21, யோகோஹாமாவில் அமெரிக்க நிஜச் சண்டை அமைப்பான யுஎஃப்சி-யின் நிகழ்ச்சி நடக்கிறது. காயம்பட்ட இன்னொருவருக்குப் பதிலாக சகுராபா ஹெவிவெயிட் போட்டியில் இறங்குகிறார். நிஜ எடை 83 கிலோ பக்கம். 91 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் சேர்ப்பார்கள் என்பதால் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். எதிராளி மார்கஸ் சில்வேரா, கார்ல்சன் கிரேசியிடம் பிளாக் பெல்ட் வாங்கிய ராட்சசன். சில்வேரா குத்த ஆரம்பித்ததும் சகுராபா காலைப் பிடிக்கக் குனிந்தார், நடுவர் ஜான் மெக்கார்த்தி அவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து நிறுத்திவிட்டார். சகுராபா ரிங்கைவிட்டு இறங்க மறுத்தார். வீடியோவைப் பார்த்த பிறகு முடிவை ரத்து செய்து, அதே இரவில் திரும்ப மோதவிட்டார்கள். நாலு நிமிடத்துக்குள் ஆர்ம்பார், சில்வேரா டேப். அப்புறம் மைக்கில் அவர் சொன்னதன் சாரம், புரோ ரெஸ்லர்கள் உண்மையில் பலசாலிகள் என்பது.

இதை யார் கணக்கில் எழுதுவது? புரோ ரெஸ்லிங் கணக்கில்தான் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வரலாம்.

முட்டிப்பூட்டு:

அந்த ஒரு வரியை எழுதியவன் நான்தான், வந்துவிட்டேன்.

நீங்கள் சொன்ன சம்பவங்கள் எல்லாம் சரி, கணக்குதான் தப்பு. சகுராபா கல்லூரி மல்யுத்த வீரர். சின்ன வயதிலிருந்தே ஆளைப் பிடித்துக் கீழே தள்ளப் பழகியவர். அவருக்குக் கூலி கொடுத்த கம்பெனி புரோ ரெஸ்லிங் கம்பெனியாக இருந்தது, அவ்வளவுதான் தொடர்பு. அவரை வைத்து ஒரு தொழிலையே பலம் என்று சொல்வதென்றால், தோற்றவர்களையும் அதே பேரேட்டில் எழுத வேண்டும். தக்காதா ரிக்சனிடம் தோற்றார், சரியாக ஒரு வருடம் கழித்து 1998 அக்டோபர் 11 அன்று திரும்பவும் அதே ரிக்சனிடம் அதே ஆர்ம்பாரில் தோற்றார். நகாத்தா உதைச்சண்டை வீரர் மிர்கோ குரோகாப்பிடம் 21 நொடி, 2003 டிசம்பர் 31 அன்று பிரைடு சாம்பியன் ஃபெடோரிடம் 62 நொடி. இவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, நியூ ஜப்பான் என்ற புரோ ரெஸ்லிங் கம்பெனியின் பெரிய பெல்ட்டை வைத்திருந்தவர்கள். கம்பெனிகள் யாரைப் பலசாலி என்று விற்றனவோ அவர்கள்தான் விழுந்தார்கள். அவர்கள் கூட்டத்தில் நடுவரிசையில் நின்ற ஒருவர் ஜெயித்தார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

புதுசு99:

நடுவில் ஒரு சந்தேகம். லெஸ்னரும் டபிள்யுடபிள்யுஇ-லிருந்து போய் யுஎஃப்சி சாம்பியன் ஆனார், சிஎம் பங்க் போய் முதல் ரவுண்டிலேயே தோற்றார். அப்படியென்றால் பழைய மல்யுத்தப் பயிற்சி இருந்தால் ஜெயிக்கலாம், இல்லாவிட்டால் முடியாது, இதுதானே விடை? இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

ரோப்_பிரேக்:

தம்பி புதுசு, அமெரிக்காவுக்கு அந்த விடை பொருந்தும், ஜப்பானுக்குப் பொருந்தாது. காரணம் நகாத்தாவேதான்.

நகாத்தாவின் பின்னணி யாருக்காவது தெரியுமா? கிரெக்கோ ரோமன் மல்யுத்தத்தில் 1992-இல் அனைத்து ஜப்பான் சாம்பியன். அவருடைய தம்பி கத்சுஹிகோ 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர். குடும்பமே மல்யுத்தக் குடும்பம். பதக்கத்தை வைத்துப் பார்த்தால் சகுராபாவைவிட நகாத்தா ஒரு படி மேலே. ஆகவே "கல்லூரியில் மல்யுத்தம் செய்தார், அதனால் ஜெயித்தார்" என்பது நகாத்தா பெயரைச் சொன்னவுடனே உடைந்துவிடுகிறது. முட்டிப்பூட்டு எந்த ஆளைக் காட்டி வாதத்தை ஆரம்பித்தாரோ அதே ஆள் அவர் வாதத்துக்கே எதிர்ச்சாட்சி.

நகாத்தா ஏன் விழுந்தார் என்றால் அது இனோக்கி செய்த வேலை. நியூ ஜப்பானை ஆரம்பித்தவர் அன்டோனியோ இனோக்கி. 1976-இல் முகமது அலியோடு பதினைந்து ரவுண்டு படுத்துக்கொண்டே காலில் உதைத்து டிரா செய்தவர், அந்த நாளின் பெருமையை விடவே முடியாதவர். எம்எம்ஏ, அதாவது குத்தும் உதையும் பூட்டும் கலந்த நிஜச் சண்டை, ஜப்பானில் சூடு பிடித்ததும் தன் கம்பெனி ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே தள்ளினார். 2001 டிசம்பர் 31 இரவு நகாத்தா குரோகாப்பின் தலை உதையில் விழுந்தார். ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் ஜுன் அகியாமாவோடு பெல்ட்டுக்கான மெயின் மேட்ச் ஆடினார். நாலு நாள் இடைவெளி! உதைப் போட்டியில் உலகத்தரம் வாய்ந்த ஒருவனோடு மோதப் போகிறவன், மறு வாரம் டோமில் அரைமணி நேரம் புரோ ரெஸ்லிங் ஆடவும் தயாராகிக்கொண்டிருந்தால் இரண்டில் எதற்கு ஒழுங்காகத் தயாராவான்? எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஒரு நல்ல சாம்பியனை வருடக் கடைசி டிவி நிகழ்ச்சிக்குத் தீனியாக்கிவிட்டார்கள்.

முட்டிப்பூட்டு:

நன்றி ரோப்_பிரேக், என் வேலையை நீங்களே பாதி செய்துவிட்டீர்கள். புரோ ரெஸ்லிங் நேர அட்டவணை ஒருவனை எம்எம்ஏ-வுக்கு லாயக்கில்லாதவனாக ஆக்குகிறது என்றுதான் நீங்கள் சொல்கிறீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். சகுராபா எப்போது ஜெயிக்க ஆரம்பித்தார்? கம்பெனி மூடிய பிறகு. ஊர் ஊராகப் போய் மேட்ச் ஆடுகிற பிழைப்பு நின்ற பிறகு.

சாய்வுநாற்காலி:

இல்லை, ஒரு நிமிடம். கம்பெனி மூடி ஒரு வருடத்தில் ஒருவர் பிரேசில் பிளாக் பெல்ட்டை ஆர்ம்பார் போடும் அளவுக்குக் கற்றுக்கொண்டுவிட்டாரா? கல்லூரி மல்யுத்தத்தில் ஆர்ம்பார் கிடையாது, கிமுரா என்ற தோள்பூட்டு கிடையாது, முட்டிப்பூட்டும் (உங்கள் பெயர்தான் ஐயா) கிடையாது. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த பெரிய மல்யுத்த வீரர்களை எடுத்துக்கொள்ளுங்கள், மார்க் கோல்மன், மார்க் கெர். கீழே தள்ளி மேலே உட்கார்ந்து குத்துவார்கள். பூட்டு போட்டு ஜெயிப்பது அவர்கள் பாணி இல்லை. சகுராபா அப்படி இல்லையே. 1998-இல் கார்லோஸ் நியூட்டனோடு நடந்த சண்டையைப் பாருங்கள், இருவரும் தரையில் உருண்டு உருண்டு பிடி மாற்றுகிறார்கள், கடைசியில் முட்டிப்பூட்டில் முடிகிறது. இதை எங்கே கற்றார்?

யுடபிள்யுஎஃப் இன்டர்நேஷனலின் பயிற்சிக் கூடத்தில். அங்கே சொல்லிக்கொடுத்தவர் பில்லி ராபின்சன், இங்கிலாந்தில் விகன் ஊரில் 'பாம்புக் குழி' என்று பெயர் பெற்ற கூடத்தில் பூட்டுகள் நிறைந்த கேட்ச் மல்யுத்தம் பழகியவர், அவரும் ஆயுள் முழுக்க புரோ ரெஸ்லராகவே பிழைத்தவர். ரிங்கில் முடிவு பேசி வைத்ததாக இருக்கலாம், கூடத்தில் யாரும் யாரோடும் எதையும் பேசி வைக்கவில்லை. தினமும் ஒருவர் கையை ஒருவர் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். ரிங்கில் தப்பு நடந்து சண்டை முற்றினாலும் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிய வேண்டும் என்பது ஜப்பான் புரோ ரெஸ்லிங்கில் பயிற்சியாளர் கார்ல் காட்ச் காலத்திலிருந்து வரும் பழக்கம். ஃபுஜிவாரா, மயேதா, சயாமா எல்லாம் காட்சிடம் பழகியவர்கள். முதல் டைகர் மாஸ்க் என்ற முகமூடி வீரராகக் குழந்தைகள் கொண்டாடிய அதே சயாமாதான் 1985-இல் ஷூட்டோ என்ற நிஜச் சண்டை அமைப்பை ஆரம்பித்தார். புரோ ரெஸ்லர்கள் ஃபுனாக்கியும் சுசூக்கியும் ஆரம்பித்த பாங்கரேஸ் அமைப்பு 1993 செப்டம்பரில் முதல் நிகழ்ச்சி நடத்தியது, முதல் யுஎஃப்சி நடந்தது நவம்பரில். ஜப்பானில் எம்எம்ஏ என்பதே புரோ ரெஸ்லிங் வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் போன பிள்ளை.

கெசா_பிடி:

ஜூடோவும் ஜியுஜிட்சுவும் பழகுகிறவன் என்ற முறையில் இந்தக் கொண்டாட்டத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், மன்னிக்கவும்.

"கிரேசி வேட்டைக்காரர்" என்று சகுராபாவுக்குப் பட்டம் கொடுத்தார்கள் இல்லையா, கிரேசி குடும்பத்தார்மேல் பெற்ற அந்த நாலு வெற்றிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1999 நவம்பரில் ராய்லர்: சகுராபாவைவிட ரொம்பச் சின்ன உடம்பு, பதினைந்து கிலோ அளவுக்கு வித்தியாசம். டேப் அடிக்கவில்லை, கை கிமுராவில் மாட்டியிருக்கும்போது நடுவர் நிறுத்தினார், அந்தக் குடும்பம் அதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. 2000 மே 1-இல் ராய்ஸ்: ஆறு ரவுண்டு முடிந்ததும் அவர் மூலையில் நின்ற உதவியாளர்களிடமிருந்து தோல்வியை ஒப்புக்கொள்ளும் டவல் வந்தது. ஆகஸ்டில் ரென்சோ: முழங்கை விலகியது, அப்போதும் டேப் அடிக்கவில்லை. டிசம்பரில் ரயன்: தீர்ப்பாளர் முடிவு. நாலு பேரில் ஒருவர்கூட டேப் அடிக்கவில்லை. குடும்பத்தில் எல்லோரும் முதல் பலசாலியாக ஒப்புக்கொண்ட ரிக்சனோடு சகுராபா மோதவே இல்லை. ராய்ஸ் சண்டை நடந்த அதே மாதம் அதே டோக்கியோ டோமில் ரிக்சன் யாரோடு மோதினார் தெரியுமா? மேலே பெருமையாகச் சொன்னீர்களே, பாங்கரேஸ் ஃபுனாக்கி. கழுத்தை நெரித்து மயங்க வைத்துவிட்டுப் போனார். அந்தத் தேதியை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

ரோப்_பிரேக்:

கெசா_பிடி, ராய்ஸ் சண்டையை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், அதை விட முடியாது.

அந்தச் சண்டைக்கு விதிகளை எழுதியது ராய்ஸ் தரப்பு. நடுவர் தானாக நிறுத்தக் கூடாது, தீர்ப்பாளர் முடிவு கிடையாது, பதினைந்து நிமிட ரவுண்டுகள் எத்தனை வேண்டுமானாலும் போகும், ஒருவர் டேப் அடிக்கும்வரை அல்லது மூலை டவல் வீசும்வரை. இதெல்லாம் ராய்லர் சண்டையில் நடந்ததுபோல நடுவர் கைவைத்துவிடக் கூடாது என்பதற்காகவே. சகுராபா சரி என்றார். அதுவும் ஒரே இரவில் மூன்று சண்டைவரை நடக்கும் போட்டியில், இதில் ஜெயித்தால் உடனே இன்னொருவனோடு மோத வேண்டும் என்று தெரிந்தே சரி என்றார்.

அன்றைக்கு அவர் உள்ளே வந்த அழகு இருக்கிறதே! ஸ்ட்ராங் மெஷின் என்ற புரோ ரெஸ்லரின் முகமூடி போட்டுக்கொண்டு ஒரே மாதிரி மூன்று பேர் வருகிறார்கள், இதில் எது சகுராபா என்று யாருக்கும் தெரியாது. எதிரே உர்ரென்று ஒரு குடும்பமே, எண்பது வயதைத் தாண்டிய தகப்பனார் ஹீலியோ உட்பட, அமர்ந்திருக்கிறது. சண்டையில் ராய்ஸின் அங்கியையே அவருக்கு எதிராகப் பயன்படுத்தினார், காற்சட்டையைப் பிடித்து இழுத்தார், காலில் உதைத்துக்கொண்டே இருந்தார். கடைசி ரவுண்டுகளில் ராய்ஸ் நிற்கவே திணறினார். 90 நிமிடம். அப்புறம் கொஞ்ச நேரம் ஓய்வு எடுத்துவிட்டு, 100 கிலோவைத் தாண்டிய இகோர் வோவ்சாஞ்சினோடு இன்னும் பதினைந்து நிமிடம் மோதினார், அதன் பிறகுதான் அவருடைய மூலை போதும் என்று நிறுத்தியது.

டேப் அடிக்கவில்லை என்பது ராய்ஸுக்குப் பெருமையாக இருக்கலாம். கம்பெனியில் வருடக்கணக்காகக் கூட்டத்தின் முன்னால் ஆடிப் பழகிய ஒருவர்தான் அப்படி ஒரு இரவில் சிரித்துக்கொண்டு முகமூடி போட்டுவருவார். எதிராளியின் தலையில் அரைப்பங்கு கோபத்தை ஏற்றிவிடுவதும் ஒரு திறமை. மங்கோலியன் சாப் என்று இரண்டு கையாலும் வெட்டுவதுபோல அடித்ததும், காலைத் தாண்டிக் குட்டிக்கரணம் அடித்து உள்ளே போனதும் வெறும் வேடிக்கை இல்லை, அடுத்து என்ன வரும் என்று எதிராளிக்குத் தெரியாது.

கெசா_பிடி:

முகமூடி நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் முகமூடி ராய்ஸின் காலை உடைக்கவில்லை, உதை உடைத்தது. ரென்சோவின் கையை முகமூடி விலக்கவில்லை, கிமுரா விலக்கியது. அந்தப் பிடிக்குப் பெயர் கொடுத்த மசாஹிகோ கிமுரா ஒரு ஜூடோக்காரர், 1951-இல் ரியோவில் இதே ஹீலியோவை அதே பிடியில் வீழ்த்தியவர். அவர் பிற்பாடு பிழைப்புக்காகப் புரோ ரெஸ்லிங்குக்குப் போனார், 1954-இல் அன்றைய புரோ ரெஸ்லிங் நட்சத்திரம் ரிக்கிதோசான் அவரை எப்படி நடத்தினார் என்பது ஊருக்கே தெரியும்: டிராவாக முடிப்பதாகப் பேசியிருந்தார்கள் என்று கிமுரா தரப்பு கடைசிவரை சொன்னது, ரிங்கில் ரிக்கிதோசான் நிஜமாகவே அடித்துச் சாய்த்தார். புரோ ரெஸ்லிங் உலகத்தில் யார் பலசாலி என்பதை எப்படித் தீர்மானிப்பார்கள் என்பதற்கு அந்த ஒரு இரவு போதும்.

முட்டிப்பூட்டு:

கெசா_பிடி சொன்னதோடு இன்னொன்று. சாய்வுநாற்காலி ஐயா, கூடம்தான் காரணம் என்றால் தக்காதாவும் அதே கூடம்தானே? அந்தக் கம்பெனியின் தலைவரே அவர்தான். யோஜி அன்ஜோவும் அதே கூடம். 1994 டிசம்பரில் அன்ஜோ லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய் ரிக்சனின் கூடத்துக் கதவைத் தட்டிச் சவால் விட்டார், முகமெல்லாம் ரத்தமாக வெளியே வந்தார், வெளியே ஜப்பான் பத்திரிகைக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒரே வாத்தியார், ஒரே பயிற்சி, ஒருவன் மட்டும் தேறினான் என்றால் அது மாணவனின் திறமை. பள்ளிக்கூடம் ஏன் மாலை போட்டுக்கொள்ள வேண்டும்?

சாய்வுநாற்காலி:

"ஒருவன் மட்டும் தேறினான்" என்பது உண்மை இல்லை, இதற்காகத்தான் காத்திருந்தேன்.

கியோஷி தமுரா. அதே யுடபிள்யுஎஃப் இன்டர்நேஷனல் கூடத்திலிருந்து மயேதாவின் ரிங்ஸ் அமைப்புக்குப் போனவர். 2000 பிப்ரவரி 26 அன்று ரென்சோ கிரேசியைத் தீர்ப்பாளர் முடிவில் வென்றார். சகுராபா ரென்சோவைத் தொடுவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே! கெசா_பிடி, உங்கள் பட்டியலில் நாலு பேர், இதோ ஐந்தாவது சாட்சி, அதுவும் வேறொரு ஆள்.

தக்காதாவைப் பற்றி: ரிக்சனோடு மோதும்போது அவருக்கு 35 வயது. கம்பெனி முதலாளி, விளம்பரத்தின் முகம், பழைய காயங்கள் வேறு. அவர் பின்னால் ஆடிய சண்டைகளில் 1999-இல் கோல்மனை ஹீல் ஹுக் என்ற கால்பூட்டில் வென்றது பேசி வைத்தது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கூடத்தில் தினமும் பாயில் உருண்டவர்கள் இளையவர்கள்: சகுராபா, தமுரா, கனேஹாரா. கம்பெனியில் மேலே நின்றவர்கள் நிஜத்தில் பலசாலிகள் இல்லை என்று நீங்கள் முதலில் சொன்னீர்கள், அது சரி. மேலே யார் நிற்பது என்பதைத் தீர்மானிப்பது டிக்கெட் விற்பனை. ஆனால் பாயை விரித்து, வாத்தியாரை வைத்து, இளையவர்களுக்குச் சோறு போட்டதும் அதே டிக்கெட் காசுதான். அது இல்லாவிட்டால் சகுராபா கல்லூரி முடித்து ஏதோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார்.

புதுசு99:

அப்படியென்றால் நியூ ஜப்பானில் அந்த மாதிரிக் கூடம் இல்லையா? அங்கிருந்து போனவர்கள் யாருமே ஜெயிக்கவில்லையா?

ரோப்_பிரேக்:

நல்ல கேள்வி. இருந்தது, ஜெயித்தவர்களும் உண்டு. கசுயுகி ஃபுஜிதா. மல்யுத்தத்திலிருந்து நியூ ஜப்பானுக்கு வந்தவர், 2000-இல் அங்கிருந்து விலகி முழுநேரமாக பிரைடுக்குப் போனார். ராய்ஸ் சண்டை நடந்த அதே மே 1 அன்று, அதுவரை யாரிடமும் தோற்காத மார்க் கெர்ரை வென்றார். 2003-இல் ஃபெடோரை ஒரே குத்தில் தள்ளாட வைத்தார், தோற்றது அப்புறம். விலகிப் போய் முழுநேரமாகச் செய்தவர் தேறினார், கம்பெனியில் இருந்துகொண்டே வருடக் கடைசியில் போன நகாத்தா விழுந்தார். இதில்தான் விஷயம் இருக்கிறது என்று நான் கத்திக்கொண்டே இருக்கிறேன்.

ஷின்சுகே நகாமுராவும் உண்டு. டபிள்யுடபிள்யுஇ பார்ப்பவர்களுக்கு அவரைத் தெரியும். 2002 டிசம்பர் 31 அன்று, புரோ ரெஸ்லிங்கில் காலெடுத்து வைத்து நாலே மாதத்தில், டேனியல் கிரேசியிடம் தோற்றார், அதற்குப் பிறகு நிஜச் சண்டையில் தோற்கவில்லை. 2003 டிசம்பரில் 23 வயதில் நியூ ஜப்பானின் பெரிய பெல்ட்டை வாங்கினார், அந்த வகையில் மிக இளையவர். அதே மாதம் 31-ஆம் தேதி இன்னொரு நிஜச் சண்டை, இக்னாஷோவோடு, குழப்பத்தில் முடிவில்லாமல் போனது, 2004 மே மாதம் திரும்ப மோதி ஜெயித்தார். அப்புறம் இதெல்லாம் போதும் என்று புரோ ரெஸ்லிங்குக்கே திரும்பினார். புத்திசாலி.

மட்டுறுத்துநர்:

திரி சூடாகப் போகிறது, நல்லது. தனிநபர் கிண்டல் இருந்த இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன். தொடருங்கள்.

கெசா_பிடி:

தமுரா விஷயம் நியாயமான சாட்சி. ஆனால் ரிங்ஸ் விதியில் தரையில் இருப்பவன் முகத்தில் குத்தக் கூடாது, ரென்சோவுக்கு அது பாதி கையைக் கட்டியது மாதிரி. அதை ஓரமாக வைக்கிறேன்.

எனக்கு வேறு ஒரு ஆதங்கம் உண்டு. புரோ ரெஸ்லிங் சகுராபாவுக்குக் கொடுத்ததைப் பற்றியே பேசுகிறோம், எடுத்துக்கொண்டதைப் பற்றி யாரும் பேசவில்லை. எதிராளியை வேண்டாம் என்று சொல்லாத பழக்கம் எங்கிருந்து வந்தது? 83, 85 கிலோ ஆள். இன்றைய யுஎஃப்சி-யில் 77 கிலோ பிரிவுக்கே இறங்கியிருப்பார். பிரைடில் ஆரம்பத்தில் ஒழுங்கான எடைப் பிரிவே இல்லை. 2001 மார்ச்சில் எதிராளி பிரேசில் வீரர் வாண்டர்லி சில்வா, அதே நிகழ்ச்சியிலிருந்துதான் தரையில் இருப்பவன் தலையில் உதைப்பதும் முட்டியால் இடிப்பதும் அனுமதிக்கப்பட்டது. சகுராபா முதலில் ஒரு குத்தில் சில்வாவைச் சாய்க்கத்தான் செய்தார், ஆனால் ஒரு நிமிடம் 38 நொடியில் முடிந்தது. நவம்பரில் திரும்பவும் அதே ஆள், காரை எலும்பு போனது. 2002-இல் குரோகாப், கண்குழி எலும்பு உடைந்தது. 2003-இல் மூன்றாவது முறை சில்வா, நாக் அவுட். ஒரு நல்ல பயிற்சியாளரோ மேலாளரோ இருந்திருந்தால் இரண்டாவது சில்வா சண்டையே நடந்திருக்காது.

முட்டிப்பூட்டு:

இதில் உங்களோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். 2006-இல் கே-1 ஹீரோஸ் என்ற நிஜச் சண்டை நிகழ்ச்சியில் ஸ்மிர்னோவாஸ் என்பவரோடு நடந்ததைப் பார்த்தீர்களா? முதல் ரவுண்டில் கயிற்றோரம் கிடந்து, தன்னைக் காத்துக்கொள்ளக்கூட முடியாமல் அடி வாங்குகிறார், எந்த நடுவராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார், அங்கே நிறுத்தவில்லை. திரும்ப எழுந்து ஆர்ம்பாரில் ஜெயித்தார், ரசிகர்கள் அழுதார்கள். எனக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை. நாயகன் அடி வாங்கி வாங்கி எழுந்து கடைசியில் ஜெயிப்பது புரோ ரெஸ்லிங்கின் கதை அமைப்பு. அதை நிஜ மண்டையை வைத்து ஓட்டினார்கள். சகுராபாவின் சாதனைப் பட்டியலில் 26 வெற்றி, 17 தோல்வி. அந்தப் பதினேழில் பெரும்பாலானவை 2001-க்குப் பிறகு வந்தவை. அதனால் கேட்கிறேன், கணக்கில் சேர்ப்பதென்றால் இதையும் புரோ ரெஸ்லிங் கணக்கிலேயே எழுதுவீர்களா சாய்வுநாற்காலி ஐயா?

சாய்வுநாற்காலி:

எழுதுவேன். ஏன் எழுதக் கூடாது? இரண்டு பக்கமும் ஒரே பேரேடுதான். ஆனால் பிரைடை நடத்தியவர்களையும் டிவிக்காரர்களையும் விட்டுவிட்டுப் புரோ ரெஸ்லிங்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். யாரும் சகுராபாவின் கழுத்தில் கத்தி வைத்து மூன்றாவது முறை சில்வாவோடு மோதச் சொல்லவில்லை. எடைப் பிரிவை மதிக்காதது ஜப்பானில் டிக்கெட் விற்ற எல்லோருடைய பழக்கமும்தான், கே-1 உதைச்சண்டைக்காரர்களுக்கும் அதேதான் நடந்தது.

அவர் கசப்போடு விலகவும் இல்லை. 2012-இல் நியூ ஜப்பானுக்கே திரும்பி வந்து புரோ ரெஸ்லிங் ஆடினார், 2013 ஜனவரி 4 டோக்கியோ டோமில் நகாமுராவோடு ஆடிய மேட்ச் எனக்கு மிகவும் பிடித்தது. 2017-இல் யுஎஃப்சி அவரைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்தது. 2018-இல் குவின்டெட் என்று ஐந்து ஐந்து பேர் அணியாக மோதும் பிடிப்போட்டியை ஆரம்பித்தார், வெறும் பூட்டும் நெரிப்பும், குத்து கிடையாது.

முட்டிப்பூட்டு:

நகாமுரா மேட்சை நானும் ரசித்தேன், அதில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் திரும்பி வந்தபோது சகுராபாவோடு ஜோடியாக வந்தவர் யார்? கத்சுயோரி ஷிபாத்தா. நியூ ஜப்பானில் வளர்ந்தவர், 2007-இல் எம்எம்ஏ-வுக்குப் போனவர், பிற்பாடு சகுராபாவோடு ஒரே கூடத்தில் பயிற்சி எடுத்தவர். நல்ல கூடம், முழுநேரப் பயிற்சி, பக்கத்திலேயே சகுராபா, நீங்களும் ரோப்_பிரேக்கும் கேட்ட எல்லாமும் அவருக்குக் கிடைத்தது. வென்றதைவிடத் தோற்றதுதான் அதிகம். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

ரோப்_பிரேக்:

ஷிபாத்தா மேல் கை வைக்காதீர்கள் என்று சொல்ல ஆசை, ஆனால் கேள்வி நியாயம்தான். ஷிபாத்தா போனது பத்து வருடம் தாமதமாக. 1997-இல் ஆர்ம்பார் தெரிந்தவன் ராஜா, எதிராளிக்கு ஒன்று குத்தத் தெரியும் இல்லை பூட்டத் தெரியும், இரண்டும் தெரிந்தவன் அபூர்வம். 2007-இல் ஊரில் இருக்கிற இருபது வயதுப் பையனுக்கும் எல்லாம் தெரியும். சகுராபாவே அந்த வருடங்களில் போயிருந்தால் 1997-இல் ஜெயித்ததுபோல ஜெயித்திருக்க மாட்டார்.

முட்டிப்பூட்டு:

அப்படியானால் காலம்தான் காரணம், கூடம் இல்லை. சரி, சாய்வுநாற்காலி ஐயா பதில் எழுதட்டும். அதற்குள் எல்லோரும் நியூட்டன் சண்டையை ஒரு முறை பார்த்துவிடுங்கள், இந்தத் திரியில் யார் கட்சியாக இருந்தாலும் அது நல்ல சண்டை.

சாய்வுநாற்காலி:

எழுதுகிறேன், ஆனால் இன்றைக்கு இல்லை, ஷிபாத்தாவின் எதிராளிகள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும் இப்போதே கேட்டு வைக்கிறேன்: கூடம் இல்லாமல் காலம் மட்டுமே போதும் என்றால், அதே 1997-இல் அதே ஜப்பானில் எத்தனையோ ஜூடோக்காரர்களும் கராத்தேக்காரர்களும் இருந்தார்களே, நாலு கிரேசிகளை அவர்களில் ஒருவர் ஏன் வீழ்த்தவில்லை? கெசா_பிடி, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.